பெரிய கார்டு வாங்கும் முன் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். இந்த முறை பாம்பன் பாலமும் இல்லை, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் இல்லை. சாதாரண கம்ப்யூட்டர் கேம்களை விஆர் ஹெட்செட்டில் ஓட வைப்பது பற்றி எழுதப் போகிறேன். "ரிட்டயர்டு வாத்தியாருக்கு இது எதுக்கு?" என்று கமெண்டில் கேட்கப் போகும் என் மைத்துனருக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். துபாய், தோஹா, சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவர்கள் ஆறேழு பேர் போனில் கேட்டது ஒரே கேள்வி: "சார், பையனுக்கு ஹெட்செட் அனுப்பினேன். டிவியில நல்லா ஓடுற கேம் அதுல திக்கித் திக்கி ஓடுது. போட்டா தலை சுத்துதாம். கிராபிக்ஸ் கார்டை மாத்திடவா?"

கார்டு மாற்றுவது என்றால் பெரிய செலவு. வெயிலில் நின்று சம்பாதித்த காசு. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் கார்டை மாற்ற வேண்டியதில்லை. டிவியில் எதை "நல்லா ஓடுது" என்கிறோமோ, அதே அளவுகோலைத் தலையில் மாட்டும் திரைக்கும் வைக்கிறோம். தொந்தரவு அங்கே தொடங்குகிறது. டிவிக்கு அழகு முதலில். ஹெட்செட்டுக்குச் சீரான ஓட்டம் முதலில், அழகு அப்புறம்.

ஏன் என்று பார்ப்போம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

வலது கண்ணை மூடி ஒரு விரலைப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் நகர்ந்த மாதிரி தெரியும். இரண்டு கண்ணும் சற்றே வேறான இரண்டு படங்களைப் பார்க்கின்றன, மூளை அதிலிருந்து தூரத்தைக் கண்டுகொள்கிறது. 1838ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் இதைக் கண்ணாடிகள் வைத்துச் செய்து காட்டினார். 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாண்ட், தலையில் மாட்டும் திரையில் கம்ப்யூட்டர் வரைந்த கோட்டுப் படத்தைக் காட்டினார். தலையைத் திருப்பினால் படமும் அதற்கேற்ப மாறியது. இன்றைய ஹெட்செட் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது: இரண்டு கண்ணுக்கு இரண்டு படம், தலை திரும்பும்போது படமும் திரும்ப வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று இருக்கிறது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தை 2012 டிசம்பர் 12 அன்று, ரஜினியின் பிறந்த நாளில், முப்பரிமாணப் படமாக மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். அது ஒரே கேமராவில் எடுத்த படம். ரஜினிக்கும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்ற கணக்கு பிலிமில் கிடையாது. ஆட்கள் உட்கார்ந்து காட்சி காட்சியாக அந்தத் தூரத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் கேம் அப்படியில்லை. டிவியில் தட்டையாகத் தெரிந்தாலும், உள்ளே ஒவ்வொரு மரத்துக்கும் சுவருக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் கணக்காக இருக்கிறது. படம் வரையும் கேமராவும் ஒரு கணக்குத்தான். ஒரு கேமரா இருக்கும் இடத்தில் இரண்டை வைத்து, அவற்றை உங்கள் தலையோடு கட்டிவிட்டால் போதும். விஆருக்காகவே செய்யப்படாத கேம்களையும் விஆரில் பார்க்க முடிவது இதனால்தான்.

இதை மூன்று விதமாகச் செய்கிறார்கள். முதலாவது, கேம் கம்பெனியே விஆர் வசதி கொடுப்பது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2020 டிசம்பரில் இந்த வசதி வந்தது. இரண்டாவது, ஆர்வலர்கள் ஒரு குறிப்பிட்ட கேமை எடுத்துக் கை அசைவு உட்பட எல்லாவற்றையும் விஆருக்கு ஏற்றபடி மாற்றுவது. 2022இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 விஆர் மோட் அப்படிப்பட்டது, இலவசமாகவே கொடுத்தார்கள். மூன்றாவது, ஓடுகிற கேமுக்குள் வெளியிலிருந்து ஒரு புரோகிராமைச் செருகி கேமராவைப் பிடித்துக்கொள்வது. பிரேடாக் என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர் உருவாக்கிய யூஇவிஆர் இந்த வகை. 2024 தொடக்கத்தில் பொதுவெளிக்கு வந்தது. அன்ரியல் என்ஜின் 4, 5இல் செய்யப்பட்ட ஏராளமான கேம்களை ஒரே கருவியால் விஆருக்குக் கொண்டுவந்துவிட்டது. இதுவும் இலவசம்.

சரி, ஓடுகிறது. நன்றாக ஓடுகிறதா? இங்கே கணக்கைப் போடுங்கள்.

சாதாரண ஃபுல் எச்டி திரையில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் நொடிக்கு 12.4 கோடி புள்ளிகளை வரைய வேண்டும். குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். நொடிக்கு 90 படம் என்றால் 82 கோடி. அதாவது ஆறரை மடங்கு வேலை! லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட இதைவிடவும் பெரிதாக வரைய வேண்டியிருக்கும், அதை நான் சேர்க்கவே இல்லை. டிவியில் சுகமாக ஓடிய அதே கேம் ஹெட்செட்டில் மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் என்ன?

அடுத்தது நேரம். நொடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லி நொடி. 72 படம் என்றால் 13.9 மில்லி நொடி. அதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் பழைய படமே மறுபடி வரும், அல்லது ஹெட்செட் பழைய படத்தை இழுத்துத் திருப்பி ஒப்பேற்றும். தலை அசைந்ததற்கும் படம் மாறியதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு. டிவியில் ஒரு படம் தாமதமானால் கண் மன்னித்துவிடும். தலையில் மாட்டியிருக்கும்போது காது மன்னிக்காது.

காது என்று தெரிந்தேதான் எழுதினேன். உட்செவியில் இருக்கும் அரைவட்டக் குழல்கள்தான் தலை அசைவதை மூளைக்குச் சொல்கின்றன. விசைப்படகில் முதல் தடவை கடலுக்குப் போகும் பையன் ஏன் வாந்தி எடுக்கிறான்? உடம்பு ஆடுகிறது என்று காது சொல்கிறது, கண்ணெதிரே இருக்கும் படகின் பலகை அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுகின்றன, வயிறு கலங்குகிறது. ஹெட்செட்டில் இது தலைகீழ். கண் ஓடுகிறேன் என்கிறது, உடம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அனுபவசாலிகள் புதுப் பையனிடம் "தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பாரு" என்பார்கள். கண்ணும் காதும் ஒத்துப்போக அது உதவும். ஹெட்செட்டுக்குள் அந்தக் கோடே தாமதமாக வந்தால் பையன் எதைப் பார்த்துச் சமாளிப்பான்?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பையன் ஒன்பதாம் வகுப்பு, அப்பா துபாயில், என் மாணவர். ஹெட்செட் வந்த முதல் நாளே பையன் ஓடிச் சுடும் கேம் ஒன்றை மோட் போட்டு மாட்டியிருக்கிறான். பத்து நிமிடத்தில் வாந்தி. அப்பத்தா ஹெட்செட்டைத் தூக்கிப் பீரோ மேல் வைத்து, "இனி இதை இறக்கினா நான் வீட்டில இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா எனக்குப் போன் செய்து, "சார், பெரிய கார்டா போட்டுட்டா சரியாகிடுமா?" என்றார். பையனோ தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அப்பாவோடு பேசவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 3060. சாதாரண கார்டு, ஆனால் மோசம் இல்லை. வைஃபை பெட்டி இரண்டு சுவர் தள்ளி வராந்தாவில். ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில், தெளிவு உச்சத்தில், கேமில் நிழல், மேகம், பிரதிபலிப்பு எல்லாம் 'அல்ட்ரா'வில். கண்களின் இடைவெளிக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தவே இல்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். செலவு ஒரு நெட்வொர்க் கேபிள். ஓடிச் சுடும் கேமை ஓரமாக வைத்துவிட்டு லாரி ஓட்டும் கேமைப் போட்டோம். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பையன் கழற்றி வைத்தான். அப்பத்தா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்செட் பீரோ மேல் திரும்பிப் போகவில்லை.

என்ன செய்தோம் என்பதை வரிசையாகத் தருகிறேன். வரிசை முக்கியம், தயவுசெய்து மாற்றாதீர்கள்.

1. முதலில் லென்ஸ். பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர். பிள்ளைகளுக்குக் குறைவு. கண்ணாடிக் கடையில் அளந்து சொல்வார்கள். அந்த அளவில் லென்ஸை வையுங்கள். இது தப்பாக இருந்தால் எந்தக் கார்டும் காப்பாற்றாது.

2. அடுத்து இணைப்பு. கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்குக் கேபிள் போடுங்கள். ரௌட்டர் விளையாடும் அறையிலேயே இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். நம் பழைய வீடுகளின் கனமான சுவர்களை அது எளிதில் தாண்டாது. முடியாவிட்டால் யூஎஸ்பி கேபிளிலேயே இணைத்துவிடுங்கள்.

3. ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ஒரு படத்துக்கு 2.8 மில்லி நொடி கூடுதலாகக் கிடைக்கும். தட்டுத் தடுமாறும் 90ஐ விடத் தவறாமல் வரும் 72 உடம்புக்கு நல்லது.

4. படத்தின் தெளிவைக் குறையுங்கள். நீளத்திலும் அகலத்திலும் 70 சதவீதமாக்கினால் புள்ளிகள் பாதியாகும். 0.7ஐ 0.7ஆல் பெருக்கிப் பாருங்கள். கார்டில் டிஎல்எஸ்எஸ் போன்ற வசதி இருந்தால், கேம் அதை ஏற்றால், பயன்படுத்துங்கள்.

5. கேமுக்குள் நிழல், மேகம், பிரதிபலிப்பு மூன்றையும் இறக்குங்கள். ஓடும்போது படம் கலங்கித் தெரியும் 'மோஷன் பிளர்', சினிமா மாதிரி புள்ளிப் புள்ளியாகத் தெரியும் 'ஃபிலிம் கிரெய்ன்', தூரத்தை மங்கலாக்கும் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை தட்டைத் திரையைச் சினிமா போலக் காட்ட வந்தவை. ஹெட்செட்டில் கண்ணுக்குத் தொல்லைதான்.

6. கேமில் திரும்புவதற்கு 'ஸ்னாப் டர்ன்' வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கிக்கொண்டே திரும்பாமல் படிப்படியாகத் திரும்பும்.

7. இவ்வளவுக்கும் பிறகு போதாவிட்டால் மட்டும், பாதிப் படத்தை வரைந்து மீதியை ஊகித்து நிரப்பும் வசதியைப் போடுங்கள். வேகமாக நகரும் பொருள்களின் ஓரம் கொஞ்சம் நெளியும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஃபிரேம் டைம் வரைபடத்தைப் பாருங்கள், ஸ்டீம்விஆரிலேயே இருக்கிறது. "சார், சராசரி 80 வருது" என்று ஒரு மாணவர் பெருமையாக அனுப்பினார். தம்பி, வகுப்புச் சராசரி 60 என்று எழுதிவிட்டால் 12 மார்க் வாங்கிய பையன் மறைந்து போவான். உங்கள் தலையைச் சுற்ற வைப்பது அந்த 12 மார்க் ஃபிரேம்கள்தான். உச்சத்தில் எழும்பும் முட்களைப் பாருங்கள், சராசரியை விடுங்கள்.

கார்டு வாங்கத்தான் வேண்டுமா என்பதற்கும் ஒரு சோதனை சொல்கிறேன். படத்தின் தெளிவைப் பாதியாகக் குறைத்த பிறகும் ஃபிரேம் டைம் அசையவே இல்லையா? அப்படியென்றால் கார்டு சும்மா இருக்கிறது, திணறுவது பிராசஸர். அங்கே ஒன்றரை லட்சத்துக்குக் கார்டு போட்டாலும் அப்படியேதான் இருக்கும். தெளிவைக் குறைத்ததும் நேரம் நன்றாக இறங்கினால் கார்டுதான் தடை. அப்போதும் குறைத்த தெளிவிலேயே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திணறினால் சூட்டைச் சந்தேகியுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர் அறையில், தூசி அடைத்த கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பிரஷ்ஷும் மேசை ஃபேனும் போதும்.

மாற்றுக் கருத்தும் இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, நீங்க சொல்ற மாதிரி எல்லாத்தையும் குறைச்சா அப்புறம் பாக்குறதுக்கு என்ன இருக்கு? கேமை உருவாக்கினவன் கஷ்டப்பட்டு வரைஞ்சதை அழிக்கிறீங்க" என்கிறான். நியாயமான பேச்சுத்தான். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். கிராபிக்ஸ் கார்டே தனியாக இல்லாத லேப்டாப்பில் இதையெல்லாம் முயல வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: டிவியில் நிழல் குறைந்தால் கேம் அசிங்கமாகத் தெரியும். ஹெட்செட்டில் நிழல் குறைந்தாலும் எதிரே நிற்கும் மரம் மரத்தின் உயரத்திலேயே நிற்கும். அந்த உயரத்தை உணரத்தான் ஹெட்செட் போடுகிறோம். நிழல் கூடுதலாக இருந்து மரம் திக்கித் திக்கி ஆடினால் உயரமும் போயிற்று, நிழலும் போயிற்று.

எந்த கேமில் தொடங்குவது? உட்கார்ந்து ஓட்டும் கேமில். கார், லாரி, விமானம். நீங்களும் நாற்காலியில், கேமில் இருப்பவரும் இருக்கையில். சுற்றிலும் அசையாத ஒரு கேபின் இருப்பது கண்ணுக்குப் பிடிமானம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் விஆர் சோதனை வடிவில் இருக்கிறது, நம் பையன்கள் அதில் தமிழ்நாட்டுப் பேருந்துகளைக்கூட மோட் போட்டு ஓட்டுகிறார்கள். ஃப்ளைட் சிமுலேட்டரில் மண்டபத்திலிருந்து கிளம்பிப் பாம்பன் தீவின் மேலே பறந்து, அரிச்சல்முனையில் நிலம் ஊசியாக முடியும் இடத்தைப் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலை வகுப்பில் வரைபடம் வைத்து நடத்தியிருக்கிறேன். இரண்டு கடலுக்கு நடுவே அந்த மணல் எவ்வளவு ஒல்லியானது என்பதைப் பிள்ளைகள் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பாடம் தானாகப் புரியும். ஆனால் அந்த கேம் பாரமானது. மேகத்தை முதலில் குறையுங்கள்.

சில எச்சரிக்கைகள். யூஇவிஆர் போன்ற செருகு புரோகிராம்களை ஆன்லைனில் பலரோடு ஆடும் கேம்களில் போடாதீர்கள். ஏமாற்று வேலை என்று கருதி அக்கவுண்டையே முடக்கிவிடுவார்கள். தனியாக ஆடும் கேம்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மோடை நம்பிப் பெரிய செலவும் செய்யாதீர்கள். 2022இல் டேக்-டூ கம்பெனி பதிப்புரிமைப் புகார் கொடுத்ததும், ஜிடிஏ 5 உட்பட அதன் கேம்களுக்கான லூக் ராஸின் விஆர் மோட்களை எடுத்துவிட வேண்டியிருந்தது. இன்று இருப்பது நாளை இல்லாமல் போகலாம்.

வயதையும் பாருங்கள். மெட்டா கம்பெனி முன்பு 13 வயது என்று வைத்திருந்தது, 2023இல் பெற்றோர் கண்காணிப்போடு 10 என்று ஆக்கியது. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மாட்டி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் உறவினர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கும் முதல் வாரம் பதினைந்து நிமிடம் போதும். லேசாகக் கிறுகிறுத்தால் உடனே கழற்ற வேண்டும். "பழகிடும், தாங்கிக்கோ" என்று சொல்லாதீர்கள்.

நம் கடற்கரைக்கென்று தனியாக ஒன்று. ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் உள்ளே விழுந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிகிற மாதிரி, உள்ளே இருக்கும் திரை கருகிவிடும். உப்புக் காற்றும் ஆகாது. விளையாடி முடித்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு. பொருளை அனுப்பிவிட்டால் மகிழ்ச்சியும் கூடவே போய்விடும் என்று நினைக்கிறீர்கள், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இது பெட்டியைப் பிரித்ததும் ஓடும் மிக்ஸி இல்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு சாயங்காலத்தைப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒதுக்குங்கள். மேலே சொன்ன ஏழு படிகளையும் இருவரும் சேர்ந்து செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஏன் என்று அவர்களையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வர முடியாதவர்கள் வீடியோ காலில் உட்காருங்கள். அதற்குப் பிறகும் கார்டு வேண்டும் என்றால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். என்ன கார்டு, என்ன ஹெட்செட், என்ன கேம், ஃபிரேம் டைம் எவ்வளவு என்று நாலு விவரமும் எழுத வேண்டும். "சார் ஓடலை" என்று மட்டும் எழுதினால் பதில் கிடையாது. அந்தப் பழக்கத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்